டெலிவரி செயலிகள் எதனால் ஓடுகின்றன? ஓர் எளிய விளக்கம்

டெலிவரி செயலிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகள் தவறாமல் காதில் விழும். "பத்து நிமிடத்தில் கொண்டுவருகிறார்கள் என்றால் எவ்வளவு வேகமாக ஓட்ட வேண்டும்!" என்பது ஒன்று. "கடைக்காரரிடமும் வாங்குகிறார்கள், நம்மிடமும் வாங்குகிறார்கள், கொள்ளை லாபம்" என்பது இன்னொன்று. முதலாவதில் அக்கறை இருக்கிறது, இரண்டாவதில் எரிச்சல் இருக்கிறது. இரண்டுக்குமே நியாயம் உண்டு. ஆனால் இந்தத் தொழில் எதை நம்பி நடக்கிறது என்பது இரண்டிலுமே பிடிபடவில்லை. இந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை பல ஆண்டுகள் நட்டக் கணக்கையே எழுதி வந்தவை. பத்து நிமிடம் என்பதும் பைக்கின் வேகத்தால் வருவதன்று.

தென்கிழக்கு ஆசியா, இந்தியா, வளைகுடா நாடுகள், லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்காவின் பெருநகரங்கள் ஆகியவை கைப்பேசி வழி டெலிவரி வேகமாக வளர்ந்த பகுதிகள். அங்கே நடக்கும் மாற்றங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவைபோலத் தோன்றும். ஒரு செயலி மாதச் சந்தா கேட்கிறது. இன்னொன்று ஊர் முழுக்கச் சிறு கிடங்குகளைத் திறக்கிறது. மூன்றாவது பைக் சவாரி, மருந்து, பணப் பரிமாற்றம் எல்லாவற்றையும் ஒரே திரையில் திணிக்கிறது. நான்காவது, நன்றாகத்தான் போகிறது என்று நாம் நினைத்திருக்கும்போதே, நாட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறது. இவை அனைத்துக்கும் அடியில் ஓடுவது ஒரே கணக்கு.

செய்தித்தாளும் வாடகைக் காரும்

அதிகாலையில் செய்தித்தாள் போடுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து தெருக்கள், நூறு வீடுகள், ஒரு மணி நேரம். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே சில விநாடிகள்தான். அவருடைய ஒரு மணி நேர உழைப்பு நூறாகப் பங்கிடப்படுவதால் ஒரு தாளைக் கொண்டுசேர்க்கும் செலவு கண்ணுக்கே தெரியாது.

வாடகைக் கார் இதற்கு நேர் எதிர். ஒரு பயணியை ஏற்றி, ஒரே இடத்தில் இறக்கிவிட்டு, பெரும்பாலும் காலியாகத் திரும்புகிறது. போன நேரம், வந்த நேரம், காத்திருந்த நேரம் எல்லாம் அந்த ஒரு பயணியின் தலையில் விடிகிறது.

டெலிவரி செயலிகள் எல்லாம் வாடகைக் காராகத்தான் பிறக்கின்றன. செய்தித்தாள்காரராக மாறத் துடிக்கின்றன. ஆனால் செய்தித்தாள்காரருக்கு இருக்கும் வசதிகள் அவற்றுக்கு இல்லை. எந்த வீட்டுக்கு என்ன போட வேண்டும் என்பது அவருக்கு முந்தைய இரவே தெரியும். எல்லா வீட்டுக்கும் ஒரே பொருள். ஆறு மணிக்குப் போட்டாலும் ஆறேகாலுக்குப் போட்டாலும் செய்தி ஆறிப்போகாது. செயலிக்கோ, யார், எங்கிருந்து, எதை, எப்போது கேட்பார் என்பது கேட்கும் விநாடி வரை தெரியாது. கேட்ட பிறகு தாமதிக்கவும் முடியாது.

சரக்குப் போக்குவரத்துத் துறையில் 'கடைசி மைல்' என்று ஒரு சொல் உண்டு. பொருள் கிடங்கிலிருந்தோ கடையிலிருந்தோ வாங்குபவரின் வாசலுக்குப் போகும் கடைசித் துண்டுப் பயணம் அது. கடல் தாண்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வரும்போது ஒரு பொருளுக்கு ஆகும் செலவு குறைவு. ஆயிரக்கணக்கான பொருள்கள் ஒன்றாக வருகின்றன. கடைசி மைலில் அது தனியாகப் போகிறது. எனவே அந்தத் துண்டுதான் மிகவும் விலை உயர்ந்தது.

அந்தச் செலவைக் குறைக்கும் ஒரே மருந்து நெருக்கம். ஒரு சிறு பகுதியில், ஒரு மணி நேரத்துக்குள், எத்தனை ஆர்டர்கள் வருகின்றன, அவற்றை எடுக்க எத்தனை கைகள் அருகில் இருக்கின்றன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் நெருக்கம் என்கிறேன். நாடு முழுவதும் எத்தனை பேர் செயலியைத் தரவிறக்கியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை விளம்பரத்துக்கு உதவும். கடைசி மைலுக்கு உதவாது. நகரத்தின் வடக்கு மூலையில் ஓர் ஆர்டரும் தெற்கு மூலையில் ஓர் ஆர்டரும் இருந்தால், அவை இரண்டு தனி வாடகைக் கார்கள்.

ஓர் ஆர்டரின் வரவு செலவு

முதலில், செயலி எங்கே நிற்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். அது கடை அல்ல, பெரும்பாலும் வண்டி வைத்திருக்கும் நிறுவனமும் அல்ல. வாங்குபவர், விற்பவர், கொண்டுசேர்ப்பவர் என்ற மூவரைச் சந்திக்க வைக்கும் இடம். இப்படிப்பட்ட அமைப்பைத் 'தளம்' என்பார்கள். தொடக்க காலத் தளங்களில் மூன்றாமவர் கிடையாது. 2004இல் குவைத்தில் தொடங்கிய தலபாத் போன்றவை ஆர்டரை உணவகத்துக்குக் கடத்திவிடும். உணவகமே தன் ஆளை அனுப்பிவிடும். தொலைபேசிக் கையேட்டின் நவீன வடிவம் என்று சொல்லலாம். கொண்டுசேர்க்கும் பொறுப்பையும் தளங்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் இந்தத் தொழில் கடினமானது.

இப்போது கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. பணத்துக்கு எந்த நாட்டின் பெயரும் வேண்டாம், 'அலகு' என்றே இருக்கட்டும்.

ஓர் ஆர்டரின் மதிப்பு 300 அலகு. விற்பவரிடமிருந்து தளம் எடுத்துக்கொள்ளும் பங்குக்குக் கமிஷன் என்று பெயர். உணவு டெலிவரியில் அது பொதுவாக 15 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்கும். 20 சதவீதம் என்று வைத்தால் 60 அலகு. வாங்குபவரிடம் டெலிவரிக் கட்டணம் 20 அலகு. ஆக வரவு 80.

செலவுப் பக்கம் வருவோம். கொண்டுசேர்ப்பவரின் ஒரு மணி நேரத்துக்கு 120 அலகு ஆகிறது என்று கொள்வோம். பணப் பரிமாற்றச் செலவு, வாடிக்கையாளர் சேவை, தள்ளுபடி, தவறிப்போன ஆர்டருக்குத் திருப்பித் தரும் பணம் எல்லாம் சேர்த்து ஓர் ஆர்டருக்கு 25. ஒரு மணி நேரத்தில் அவர் 2 ஆர்டர்களை முடித்தால், ஒன்றுக்கு 60 ஆகிறது. மொத்தச் செலவு 85. தளத்துக்கு 5 அலகு நட்டம்.

அதே ஊர், அதே விலை, அதே கமிஷன். அவர் ஒரு மணி நேரத்தில் 3 ஆர்டர்களை முடிக்கிறார். ஒன்றுக்கு 40. மொத்தச் செலவு 65. தளத்துக்கு 15 அலகு மிச்சம். நட்டத்துக்கும் லாபத்துக்கும் நடுவே நிற்பது ஒரு மணி நேரத்தில் கூடுதலாக ஓர் ஆர்டர். அந்தக் கூடுதல் ஆர்டர் பைக்கை முறுக்குவதால் வருவதில்லை. அடுத்த கடை பக்கத்தில் இருப்பதாலும், அடுத்த ஆர்டர் உடனே வருவதாலும் வருகிறது.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். 300 அலகு ஆர்டரைக் கொண்டுபோனாலும் 80 அலகு ஆர்டரைக் கொண்டுபோனாலும் தூரமும் நேரமும் ஒன்றுதான். 80 அலகு ஆர்டரில் கமிஷன் 16 அலகு. அதில் ஆளுக்குக் கூலிகூடத் தேறாது. குறைந்தபட்ச ஆர்டர் தொகை, சிறு ஆர்டர் கட்டணம், தளக் கட்டணம், 'இன்னும் இவ்வளவுக்கு வாங்கினால் டெலிவரி இலவசம்' என்ற கெஞ்சல் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இதுவரை பார்த்தது: கடைசி மைல்தான் செலவின் மையம். அது தூரத்தையும் நேரத்தையும் பொறுத்தது, ஆர்டரின் மதிப்பைப் பொறுத்ததன்று. நெருக்கம் கூடினால் ஒரு மணி நேரம் அதிகப் பேருக்குப் பங்காகிறது. இனி வரும் ஒவ்வொரு போக்கையும் 'இது நெருக்கத்தை எங்கே கூட்டுகிறது?' என்று கேட்டுப் பார்த்தால் போதும்.

பத்து நிமிடம் எங்கிருந்து வருகிறது?

நகரச் சாலையில் ஒரு பைக் சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 கிலோமீட்டருக்கு 18 நிமிடம். கிடங்கை 2 கிலோமீட்டருக்குள் கொண்டுவந்துவிட்டால் 6 நிமிடம். வேகத்தைத் தொடாமலே 12 நிமிடம் மிச்சமாகிவிட்டது. அந்த 2 கிலோமீட்டரை இரு மடங்கு வேகத்தில் உயிரைப் பணயம் வைத்து ஓட்டினாலும் மேற்கொண்டு மிச்சமாவது 3 நிமிடம்தான். எந்த மேலாளருக்கும் எந்தப் பக்கம் பணத்தைப் போட வேண்டும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

அப்படி அருகில் கொண்டுவரப்பட்ட கிடங்குக்கு 'டார்க் ஸ்டோர்' என்று பெயர். கடை போன்றதுதான், ஆனால் வாடிக்கையாளர் உள்ளே வருவதில்லை. வெளியே அலங்காரம் இல்லை, உள்ளே விலைச்சீட்டு இல்லை. அலமாரிகள் கண்ணைக் கவர அடுக்கப்படுவதில்லை. எடுப்பவரின் காலடிகளைக் குறைக்க அடுக்கப்படுகின்றன. அதிகம் கேட்கப்படும் பொருள் பொட்டலம் கட்டும் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும். ஆர்டர் வந்ததும் எந்த அலமாரியிலிருந்து தொடங்கி எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்பதை எடுப்பவரின் கைக்கருவி சொல்லும். இரண்டு மூன்று நிமிடத்தில் பை தயாராகிவிடும். இந்த முறையில் நடக்கும் வணிகத்தைத்தான் 'விரைவு வணிகம்' என்கிறார்கள்.

இதன் மறுபக்கம், வாடகை. தூரத்தில் ஒரு பெரிய கிடங்கு வைத்திருந்த நிறுவனம் இப்போது நகருக்குள் பத்துப் பதினைந்து சிறு கிடங்குகளுக்கு வாடகையும் மின்கட்டணமும் சம்பளமும் கொடுக்க வேண்டும். ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் செலவு நிற்காது. ஒவ்வொரு கிடங்கைச் சுற்றியும் நாள் முழுதும் போதுமான ஆர்டர்கள் வந்தால்தான் பிழைப்பு. இந்தியாவில் 2013இல் குரோஃபர்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், 2021இன் இறுதியில் பிளிங்கிட் என்று பெயர் மாறி விரைவு வணிகத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஜொமேட்டோ அதை வாங்கிக்கொண்டது. அதே காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த முறையை நடத்திப் பார்த்த துருக்கி நிறுவனமான கெடிர், 2024இல் அந்த நாடுகளிலிருந்து வெளியேறித் தாய்நாட்டுக்குத் திரும்பிவிட்டது. மக்கள் நெருக்கமாக வாழும் வளரும் நகரங்களில், கூலியும் வாடகையும் ஒப்பீட்டளவில் குறைவாக இருக்கும் இடங்களில், இந்தக் கணக்கு எளிதாகக் கூடிவருகிறது. கூலி உயர்ந்த ஊரில் அதே மென்பொருள் அதே கணக்கைக் கூட்டிக் கொடுப்பதில்லை.

வேகத்துக்கும் விபத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆர்டருக்கு இவ்வளவு என்று கூலி தரும்போது, தளம் கேட்காவிட்டாலும் ஓட்டுபவர் அவசரப்படுவார். அந்தக் கூலி முறைக்குக் கீழே தனியாக வருகிறேன்.

திரையில் நகரும் புள்ளி

சில வாரங்களுக்கு முன், என் ஆர்டரைச் சுமந்துவந்த புள்ளி எங்கள் தெருமுனை வரை வந்துவிட்டு எதிர்த்திசையில் திரும்பிப் போனது. வழி தவறிவிட்டார் என்று முடிவுகட்டித் தொலைபேசியில் அழைத்தேன். "இன்னொரு ஆர்டர் இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டு வருகிறேன்" என்றார், சலிப்பே இல்லாத குரலில். அந்தக் கேள்வி அன்று அவர் காதில் விழுந்தது எத்தனையாவது முறையோ.

அங்கே நடந்ததற்குப் பெயர் 'இணைப்பு ஆர்டர்'. ஒரே கடையிலிருந்தோ பக்கத்துக் கடைகளிலிருந்தோ, ஒரே திசையில் போக வேண்டிய இரண்டு மூன்று ஆர்டர்களை ஒருவரிடமே கொடுத்து அனுப்புவது. வாடகைக் காரை ஓரளவுக்குச் செய்தித்தாள்காரராக்கும் தந்திரம். ஆர்டர்கள் நெருக்கமாக வரும் இடத்தில்தான் இது பலிக்கும். இல்லாவிட்டால் இரண்டாவது ஆர்டருக்காகக் காத்திருந்தே முதல் ஆர்டர் ஆறிவிடும்.

யாருக்கு எந்த ஆர்டர் என்று தீர்மானிப்பது அல்காரிதம், அதாவது மென்பொருள் படிப்படியாகப் பின்பற்றும் விதிமுறைத் தொகுப்பு. 'அருகில் இருப்பவருக்குக் கொடு' என்பதே அதன் விதி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

இரண்டு கடைகள், இரண்டு பைக்குகள். முதல் பைக் முதல் கடையிலிருந்து 2 நிமிடத்திலும் இரண்டாம் கடையிலிருந்து 3 நிமிடத்திலும் இருக்கிறது. இரண்டாம் பைக் முதல் கடையிலிருந்து 4 நிமிடம், இரண்டாம் கடையிலிருந்து 12 நிமிடம். முதல் கடையின் ஆர்டர் வந்ததும் அருகில் இருக்கும் முதல் பைக்குக்குக் கொடுத்துவிட்டால், இரண்டாம் கடைக்கு இரண்டாம் பைக்தான் போக வேண்டும். 2உம் 12உம் சேர்த்து 14 நிமிடம். மாற்றிக் கொடுத்தால் 4உம் 3உம் சேர்த்து 7 நிமிடம். முதல் ஆர்டர்காரருக்கு 2 நிமிடம் தாமதம், மொத்தத்தில் பாதி நேரம் மிச்சம். அதனால்தான் பல தளங்கள் ஆர்டர் வந்த கணமே ஆளை நியமிப்பதில்லை. சில விநாடிகள் பொறுத்து, அந்த வட்டாரத்தில் சேர்ந்த ஆர்டர்களையும் காலியாக இருக்கும் ஆட்களையும் ஒன்றாக வைத்துப் பொருத்துகின்றன. 'ஆளைத் தேடுகிறோம்' என்று திரை சொல்லும்போது ஆள் இல்லை என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை.

இதைவிடக் கடினமானது சமையலறை. சாலை நெரிசலை ஓரளவு கணிக்கலாம். அடுப்பில் இருப்பது எப்போது இறங்கும் என்பதை யார் கணிப்பது? ஆள் முன்கூட்டியே போய்விட்டால் வாசலில் காத்திருப்பார். தாமதமாகப் போனால் உணவு காத்திருக்கும். எனவே ஒவ்வொரு உணவகமும் எந்தக் கிழமையில், எந்த மணியில், எவ்வளவு ஆர்டர் குவிந்திருக்கும்போது, எத்தனை நிமிடம் எடுத்துக்கொண்டது என்ற பழைய பதிவுகளிலிருந்து தளம் ஊகிக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்று விளம்பரங்களில் முழங்கப்படுவதில் கணிசமான பங்கு இந்த எளிமையான கேள்விக்குத்தான் செலவாகிறது: இந்தக் கடையில் இந்தப் பொருள் தயாராக எவ்வளவு நேரம் ஆகும்?

திரையில் காட்டும் நேரம் கணிப்பு மட்டுமன்று, ஒரு வகையில் பேரமும்கூட. உண்மையான ஊகம் 40 நிமிடம் என்றால், 55 என்று காட்டினால் வாங்குபவர் போட்டிச் செயலிக்குப் போய்விடுவார். 25 என்று காட்டினால் வந்து சேரும்போது கொதித்துப்போயிருப்பார். இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓர் எண்ணைத் தளம் தேர்ந்தெடுக்கிறது. மழை வந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் ஆட்டம் காண்கிறது. வெளியே போக விரும்பாதவர்கள் ஆர்டர் செய்கிறார்கள். அதே காரணத்தால் வண்டி ஓட்டுபவர்கள் குறைகிறார்கள். கட்டணம் ஏறுவதும் தொலைவில் உள்ள கடைகள் பட்டியலிலிருந்து மறைவதும் அப்போதுதான்.

ஒரே செயலியில் ஏன் இத்தனை?

பல சேவைகளை ஒன்றாகத் தரும் செயலியைச் 'சூப்பர் செயலி' என்பார்கள். இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் வாடிக்கையாளரின் வசதி. வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கடைசி மைலின் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்று தெரியும்.

இந்தோனேசியாவில் ஓஜெக் என்பது பைக் டாக்சி. அவற்றின் ஓட்டுநர்கள் நாளின் பெரும்பகுதியைத் தெருமுனையில் சவாரிக்குக் காத்திருப்பதில் கழித்தார்கள். 2010இல் ஜகார்த்தாவில் சுமார் 20 ஓட்டுநர்களோடும் ஒரு தொலைபேசி அழைப்பு மையத்தோடும் கோஜெக் தொடங்கியது அந்தக் காத்திருப்பைப் பார்த்துத்தான். 2015இல் கைப்பேசிச் செயலியாக வந்தபோதே ஆளை ஏற்றிச் செல்வது, பொருளைக் கொண்டுசேர்ப்பது, கடையில் வாங்கிவருவது எல்லாம் அதில் இருந்தன. காலையில் அலுவலகம் போகிறவர், மதியம் உணவு, பிற்பகலில் பார்சல், மாலையில் மறுபடி பயணிகள் என்று ஒரே பைக்கின் நாள் நிரம்புகிறது. உணவு மட்டுமே சுமக்கும் தளத்துக்கு மதியமும் இரவும்தான் வேலை. நடுவில் உள்ள மணி நேரங்கள் வெறுமை. டார்க் ஸ்டோர் இடத்தில் நெருக்கத்தை உண்டாக்குகிறது என்றால், சூப்பர் செயலி நேரத்தில் உண்டாக்குகிறது.

மாதச் சந்தாவும் இதே நோக்கம்தான். ஒரே கைப்பேசியில் மூன்று டெலிவரி செயலிகளை வைத்துக்கொண்டு விலை ஒப்பிடுபவர்கள் நாம். சந்தா கட்டியவர் ஒப்பிடுவதைக் குறைத்துக்கொள்கிறார். அவர் வீடு இருக்கும் தெருவில் அந்தத் தளத்தின் ஆர்டர்கள் கூடுகின்றன. விளம்பரம் மட்டும் சற்று வேறு வகை. தேடல் பட்டியலில் மேலே வருவதற்குக் கடைகள் பணம் கட்டுகின்றன. தளத்துக்கு அதில் கடைசி மைல் செலவே கிடையாது. கமிஷனையும் கொடுத்து, கண்ணில் படுவதற்கும் கொடுக்க வேண்டியிருக்கும் சிறு உணவகங்களின் புலம்பல் வரும் ஆண்டுகளில் குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முகவரி, சில்லறை, மொழி

வளரும் சந்தைகளில் கடைசி மைலின் கடைசி நூறு மீட்டர் ஒரு தனி உலகம். தெருவுக்குப் பெயர் இருக்காது, வீட்டு எண்கள் வரிசையில் இருக்காது, முகவரி என்பது 'தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து' என்ற வகையில் இருக்கும். அங்கே ஒவ்வொரு டெலிவரியிலும் இரண்டு தொலைபேசி அழைப்புகளும் ஐந்து நிமிடமும் கரைகின்றன. மேலே போட்ட கணக்கில் அந்த ஐந்து நிமிடம் என்பது 10 அலகு.

இதற்கு ஒரு தீர்வு, எழுத்து முகவரியையே நம்பாமல் வரைபடத்தில் குத்தும் புள்ளியை நம்புவது. இந்திய அஞ்சல் துறை 2025இல் வெளியிட்ட டிஜிபின் என்ற முறை, நாட்டைச் சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 10 இலக்கக் குறியீட்டைத் தருகிறது. இன்னொரு தீர்வை யாரும் அறிவிப்பதில்லை. முந்தைய டெலிவரிகளில் 'கொடுத்தாயிற்று' என்று பொத்தானை அழுத்திய இடங்களைத் தளம் நினைவில் வைத்துக்கொண்டு, உண்மையான வாசல் எங்கே என்பதைத் தானே கற்றுக்கொள்கிறது.

பணமும் அப்படியே. வாசலில் ரொக்கம் வாங்கும் முறை நம்பிக்கையை வளர்த்தது. ஆனால் சில்லறை தேடும் நேரமும், வசூலைக் கணக்கு ஒப்படைக்கும் அலைச்சலும், 'வேண்டாம், எடுத்துப்போங்கள்' என்று கதவை மூடுபவர்களும் கூடவே வந்தார்கள். கென்யாவில் 2007இல் வந்த எம்-பெசா, இந்தியாவின் யூபிஐ (2016), இந்தோனேசியாவின் கியூஆர்ஐஎஸ் (2019), பிரேசிலின் பிக்ஸ் (2020) ஆகிய மின்னணுப் பணப் பரிமாற்ற முறைகள் டெலிவரிக்காக உருவாக்கப்பட்டவை அல்ல. ஆயினும் அவை இல்லாமல் இந்தச் செயலிகள் இன்றைய அளவுக்கு விரிந்திருக்க முடியாது.

மலிவு விலைக் கைப்பேசியிலும் திணறாத எடை குறைந்த செயலி, வட்டார மொழித் திரை, படிக்கத் தடுமாறுபவருக்குக் குரல் வழித் தேடல் ஆகியவற்றைத் தொழில்நுட்பச் செய்திகளில் புதுமைகளாகப் பட்டியலிடுகிறார்கள். ஒரு தெருவில் பத்து வீடுகளில் மூன்று வீடுகளுக்கு மட்டும் செயலி புரிகிறது என்றால் அந்தத் தெருவின் நெருக்கம் மூன்றுதான். மற்ற ஏழு வீடுகளுக்கும் புரியவைப்பது தொண்டல்ல, கணக்கு.

பெரிய நிறுவனங்கள் ஏன் வெளியேறுகின்றன?

நெருக்கம்தான் உயிர் என்றால், ஒரே பகுதியில் ஐந்து தளங்கள் ஆர்டர்களைப் பங்கிட்டுக்கொள்ளும்போது ஐவருமே மெலிவார்கள். முதலீட்டாளர்களின் பணம் தள்ளுபடியாக ஓடும் வரை ஐவரும் நிற்கலாம். அந்தப் பணம் வற்றியதும் இருவர்தான் மிஞ்சுவார்கள். ஊபர் 2018இல் தன் தென்கிழக்கு ஆசிய வணிகத்தை அங்கே தன் போட்டியாளரான கிராப் நிறுவனத்திடம் கொடுத்துப் பதிலுக்குப் பங்கு வாங்கிக்கொண்டது. 2020 தொடக்கத்தில் ஊபரின் இந்திய உணவு டெலிவரிப் பிரிவு ஜொமேட்டோவிடம் போனது. 2022இல் ஊபர் பிரேசிலில் உணவக டெலிவரியை நிறுத்தியது. அங்கே உள்நாட்டு நிறுவனமான ஐஃபுட் ஏற்கெனவே வேர் பிடித்திருந்தது. ஆப்பிரிக்காவில் ஜூமியா தன் உணவு டெலிவரியை 2023 இறுதியில் மூடியது.

இவற்றைத் தோல்வி என்று மட்டும் படிப்பது சரியல்ல. மூன்றாவது இடத்தில் நின்று ஒவ்வோர் ஆர்டரிலும் இழப்பதைவிட, முதலிடத்தில் இருப்பவரின் பங்குகளை வைத்திருப்பது கெட்டிக்காரத்தனம்.

ஒருமுறை வென்றவர் நிரந்தரமாக வென்றவர் என்றும் பொருளில்லை. நெருக்கம் நாட்டளவில் அமைவதன்று. வட்டாரம் வட்டாரமாக அமைவது. நிறையப் பணத்தோடும் கைதேர்ந்த பொருத்தும் மென்பொருளோடும் ஒருவர் வந்து ஒவ்வொரு வட்டாரமாக எடுத்துக்கொண்டே போகலாம். சீனாவின் மெய்துவான் 2023இல் கீட்டா என்ற பெயரில் ஹாங்காங்கில் நுழைந்தது. 2025இல் பிரிட்டன் நிறுவனமான டெலிவரூ அங்கிருந்து கிளம்பியது. கீட்டா அதற்குள் சவுதி அரேபியாவுக்கும் போய்விட்டது.

சுருக்கமாக: கிடங்கை அருகில் வைப்பது, ஆர்டர்களை இணைப்பது, பைக்கின் வெற்று நேரத்தை நிரப்புவது, வாசலில் வீணாகும் நிமிடங்களைக் குறைப்பது, போட்டியாளரை விழுங்குவது ஆகிய எல்லாம் ஒரு மணி நேரத்தில் அதிக ஆர்டர்களை அடைக்கும் முயற்சிகள்.

காத்திருப்புக்கு யார் பணம் தருவது?

என் கணக்கில் ஒரு வசதியான பொய் இருந்தது. தளம் ஒரு மணி நேரத்துக்கு 120 அலகு தருகிறது என்று வைத்துக்கொண்டேன். நடைமுறையில் பெரும்பாலான தளங்கள் மணிக்குத் தருவதில்லை, ஆர்டருக்குத் தருகின்றன. அப்படியானால் ஆர்டர் வராத அரை மணி நேரம் யாருடைய செலவு? மர நிழலில் பைக்கைச் சாய்த்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவருடையது. நெருக்கம் குறைவாக இருக்கும் ஊரில் தளம் தாங்க வேண்டிய நட்டத்தின் ஒரு பகுதியை அவர் தாங்குகிறார். அவரைப் பல நிறுவனங்கள் 'பார்ட்னர்' என்று அழைக்கின்றன. நட்டத்தைப் பொறுத்தவரை அந்தச் சொல் மிகச் சரி.

நிரந்தர வேலை ஒப்பந்தம் இல்லாமல், எடுக்கும் வேலைக்கு மட்டும் கூலி பெறுபவரைக் கிக் தொழிலாளர் என்கிறார்கள். இந்தியாவில் 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்தச் சொல்லுக்குச் சட்ட வரையறை தந்தது. தளங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை இவர்களுடைய நலனுக்காகச் செலுத்த வேண்டும் என்றும் சொன்னது. இவர்களுக்கெனத் தனிச் சட்டத்தை ராஜஸ்தான் 2023இல் இயற்றியது. சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஊழியரும் அல்லாத, சுயதொழில் செய்பவரும் அல்லாத தனிப் பிரிவாக இவர்களை ஏற்று, பணியிட விபத்து இழப்பீட்டையும் சேமநிதியையும் வழங்குகிறது.

இந்தச் சட்டங்கள் வந்தால் டெலிவரிக் கட்டணம் ஏறும் என்பது தளங்களின் வாதம். ஏறலாம். இதுவரை கட்டணம் குறைவாக இருந்ததற்குக் காத்திருந்தவரின் அரை மணி நேரமும் ஒரு காரணம் என்பதை அந்த வாதம் தன்னையறியாமல் ஒப்புக்கொள்கிறது.

சிறு ஊர்களில்

பெருநகரங்களில் இடம் நிரம்பிய பிறகு தளங்கள் சிறு நகரங்களைப் பார்க்கின்றன. அங்கே தூரம் குறைவு, நெரிசல் குறைவு, வாடகை குறைவு. ஆர்டர்களும் குறைவு. பெருநகரத்தின் மாதிரியை அப்படியே பெயர்த்து வைத்தால் பைக்குகள் சும்மா நிற்கும். பத்து நிமிட வாக்குறுதியை அங்கே கொண்டுபோவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 'மாலை ஐந்து மணிக்குள் சொன்னால் ஏழு மணிக்குள் வரும்' என்ற வகையில் ஆர்டர்களைச் சேர்த்துவைத்து ஒரே சுற்றில் கொடுத்துவிட்டு வருவதே அங்கே ஓடக்கூடிய முறை என்று நினைக்கிறேன். மருந்தும் மளிகையும் பார்சலும் ஒரே பையில், தெரு வரிசையில். வாங்குபவர் இரண்டு மணி நேரம் பொறுக்க ஒப்புக்கொண்டால், டெலிவரிக் கட்டணம் வாங்காமலேகூட அந்தக் கணக்கு தேறிவிடும்.